ஸ்டாம்ப்பில் இரண்டு விலை ஏன்?

ஆல்பம்காரி:
மாமனார் விட்டுச்சென்ற ஸ்டாம்ப் ஆல்பத்தைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பிரான்ஸ் பக்கத்தில் ஒரு நீல ஸ்டாம்ப். மேரி கியூரியும் பியேர் கியூரியும் ஆய்வகத்தில் நிற்கிறார்கள். விலை இருக்க வேண்டிய இடத்தில் 1.75 பிராங்க், பக்கத்திலேயே + 50 சென்டீம். மொத்தம் 2.25 பிராங்க் தபாலுக்கு ஒட்டலாம் என்று அர்த்தமா?

லென்ஸும் கையுமாக:
இல்லை. அன்று கொடுத்தது 2.25, தபாலுக்குச் செல்லுபடியானது 1.75 மட்டும்தான். மிச்ச 50 சென்டீம் புற்றுநோய் எதிர்ப்புக்கான சர்வதேசச் சங்கத்துக்கு. ரேடியம் கண்டுபிடித்த 40ஆம் ஆண்டு என்று 1938இல் போட்டார்கள். பிரெஞ்சுக் காலனிகளுக்கும் அதே படம்தான். பிரெஞ்சு இந்தியா பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
சில்லறையை வைத்து என்ன ஆராய்ச்சி நடந்துவிடும்? பேசாமல் நேரடியாக நன்கொடை கொடுத்துவிடலாம்.

லென்ஸும் கையுமாக:
நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன், அமெரிக்காவின் மார்பகப் புற்றுநோய் ஸ்டாம்ப்பின் கணக்கைப் பார்க்கும்வரை. 1998இல் வந்தது. கடிதத்துக்கு 32 சென்ட், ஸ்டாம்ப் 40 சென்ட். அதில் கூட்டல் குறி கிடையாது, விலையே அச்சிடவில்லை, ‘முதல் வகுப்பு’ என்று மட்டும் இருக்கும். அதில் ஒரு சங்கடம்: தபால் கட்டணம் 33, 34 என்று ஏறியபோதும் ஸ்டாம்ப் 40இலேயே நின்றது. நன்கொடை 8 சென்டிலிருந்து 6 ஆகச் சுருங்கிவிட்டது! அப்புறம் 2002இல்தான் விலையை 45 ஆக்கினார்கள்.

அப்படியும் 100 கோடி ஸ்டாம்ப்புக்கு மேல் விற்று, 9 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. செலவு போக 70 சதவீதம் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு, 30 சதவீதம் பாதுகாப்புத் துறையின் மருத்துவ ஆராய்ச்சிக்கு. அந்தப் பணம் போய்ச்சேர்ந்த இடங்களில் ஒன்று டெய்லர்எக்ஸ் ஆய்வு. 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றார்கள். ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில் ஒரு குறிப்பிட்ட வகை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கீமோ தேவையில்லை என்று 2018இல் முடிவு வந்தது. நேரடி நன்கொடையும் கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கடிதம் போட வந்தவரிடம் எட்டு சென்ட் வாங்க ஸ்டாம்ப்பால்தான் முடியும்.

கணக்குப்பிள்ளை:
சரி, சில்லறை என்றதை வாபஸ் வாங்குகிறேன்.

ஆல்பம்காரி:
பிரெஞ்சு இந்தியா பக்கத்திலும் இருக்கிறது! அதிலும் கூட்டல் குறி. விலை பிராங்கில் இல்லை, அங்கே அப்போது புழங்கிய ‘பணம்’, ‘காசு’ என்ற நாணயங்களில். மாமனார் இரண்டுக்கும் நடுவே பென்சிலால் கோடு போட்டு இணைத்து வைத்திருக்கிறார். இவ்வளவு நாள் அதைக் கிறுக்கல் என்று நினைத்து அழிக்கப் பார்த்தேன்.