நூலக வரலாற்று உரை: பினாங்குத் தமிழரைப் பற்றி எங்கிருந்து தொடங்கலாம்?

ஜெலுத்தோங் டீச்சர்:
வணக்கம். எங்கள் வட்டார நூலகத்தில் சனிக்கிழமைகளில் வரலாற்று உரை நடக்கிறது. பினாங்கில் ஆங்கிலேயர் ஆட்சியைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட், சீனச் சங்கங்கள், மெர்டேக்கா (மலாயா விடுதலை) எல்லாம் முடிந்து இப்போது தமிழர் முறை. பேச ஆள் கிடைக்கவில்லை என்று என்னைப் பிடித்துவிட்டார்கள். மலாய் மொழியில் பேச வேண்டும், 40 நிமிடம். கேட்க வருவோரில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற சீனர்கள், மலாய்க்காரர்கள். "தைப்பூசம் பற்றிப் பேசுங்களேன்" என்கிறார் நூலகர். வருஷாவருஷம் ரோட்டோரம் நின்று பார்க்கிறவர்களுக்கு அதை நான் வேறு சொல்ல வேண்டுமா?

தண்ணீர்மலையான்:
சொல்லணும் டீச்சர். வெள்ளி ரதத்தைப் பார்க்குறாங்க, அது காரைக்குடியில செஞ்சு 1894-ல கப்பல்ல வந்ததுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? அங்க பிடிச்சா பினாங்கு ஸ்ட்ரீட்ல செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்துன கிட்டங்கி, வட்டித்தொழில்னு கதை தானா ஓடும். 1816-ல பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல தொடங்குன தமிழ் வகுப்பையும் சேர்த்துக்குங்க. அங்க படிச்ச சீனத் தாத்தாக்கள் நிமிர்ந்து உட்காருவாங்க.

பிறை பேரன்:
அண்ணே, ரதம் செட்டியார் கதை. எங்க ஆளுங்க கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்க, அப்புறம்தான் ரப்பர். ஒப்பந்த முறையை 1910-ல நிறுத்துனாங்க, கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்துக் கூட்டி வர்ற ஆள்கட்டு மட்டும் நிக்கல. 1938-ல இந்திய அரசாங்கம் தடை போட்ட பிறகுதான் அது முடிஞ்சது. கூலியைக் குறைச்சதுதான் தடைக்குக் காரணம். இதைச் சொல்லாம தேரை மட்டும் காட்டினா, தமிழன்னாலே பணக்காரன்னு நினைச்சுட்டுப் போவாங்க.
டீச்சர், ஜெரெஜாக் தீவுல தொடங்குங்க. பினாங்குப் பாலத்துல போற எல்லாரும் பார்க்குற தீவுதான். கப்பல்ல அம்மை, காலரான்னா இறங்க விடாம அங்க கொண்டுபோய் வச்சாங்க. தமிழனையும் வச்சாங்க, சீனனையும் வச்சாங்க. உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கிற சீனப் பாட்டியோட அப்பாவும் அங்க இருந்திருக்கலாம்.

ஜெலுத்தோங் டீச்சர்:
தம்பி, இதுதான் எனக்கு வேண்டியது. ஜெரெஜாக்கில் தொடங்கி, தோட்டம் போனவர்கள் ஒரு பக்கம், கடைத்தெருவில் நின்றவர்கள் ஒரு பக்கம் என்று பிரிக்கிறேன். ரதம் கடைசிப் பத்து நிமிடம்; தண்ணீர்மலையான் கோபித்துக்கொள்ள வேண்டாம். கங்காணிக் காலத்து ஆவணமோ, சென்னையிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த ரஜூலா கப்பலின் பயணச்சீட்டோ யார் வீட்டிலாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். திரையில் காட்ட அசல் தேவையில்லை, கைப்பேசிப் படமே போதும்.