சிவப்பு 4 பின் பிளக், சிவப்பு 4 பின் சாக்கெட், ஆனாலும் நுழையவில்லை

பீன்யா_ஷெட்:
பெங்களூரு பீன்யாவில் பழைய ரீஃபர் (குளிர்சாதன) கன்டெய்னர் ஒன்றைக் குளிர் அறையாக வைக்கிறோம். அதன் பிளக் சிவப்பு, 32 ஆம்பியர், 4 பின். சுவர் சாக்கெட்டும் அதேதான். ஆனால் செருகவே முடியவில்லை. பிளக் விளிம்பில் இருக்கும் மேட்டை அரத்தால் ராவிவிட்டால் பிளக் உள்ளே போய்விடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். ராவலாமா?

மூன்று_ஃபேஸ்:
வேண்டவே வேண்டாம். பிளக் மேல் 3எச் என்று அச்சிட்டிருக்கும், சாக்கெட்டில் 6எச். எச் என்றால் மணி. சாக்கெட்டை நேருக்கு நேர் பாருங்கள். மேடு போய் உட்காரும் காடி கீழே, 6 மணி இடத்தில் இருக்கும். அதை வைத்துப் பார்த்தால் எர்த் துளை எந்த மணியில் நிற்கிறதோ அதுதான் அந்த எண். நம் 400 வோல்ட் லைனுக்கு 6 மணி. 3 மணி ரீஃபருக்கு உரியது: 380 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், 440 வோல்ட் 60 ஹெர்ட்ஸ். இரண்டுக்குமே நிறம் சிவப்புதான், அதனால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது.

32 ஆம்பியரில் ஃபேஸ் பின் 6 மி.மீ., எர்த் பின் 8 மி.மீ. தடிமன். ஆகவே ராவினாலும் எர்த் பின் ஃபேஸ் துளைக்குள் போகாது. ஆனால் அந்த பிளக் இனி 7 மணி கறுப்பு 500 வோல்ட் சாக்கெட்டிலும் நுழையும். அப்போது தடுக்க எதுவும் இல்லை.

பேனல்_போர்டு:
3 மணி, 32 ஆம்பியர், 4 பின் சாக்கெட் வாங்கி, அதற்கென்று தனி எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் ஸ்விட்ச்) போட்டு மாட்டுங்கள். இன்டர்லாக் ஸ்விட்ச் உள்ளதாக இருந்தால் நல்லது. ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போது பிளக் வெளியே வராது. முதலில் மெஷின் நேம்பிளேட்டில் 50 ஹெர்ட்ஸுக்கு எத்தனை வோல்ட் வரை போட்டிருக்கிறது, நம் 400 அதற்குள் வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. 4 பின் என்றால் மூன்று ஃபேஸ், ஒரு எர்த்; நியூட்ரலுக்கு இடமே கிடையாது. சிலர் நியூட்ரலை எர்த் முனையில் முறுக்கிவிடுகிறார்கள். மல்டிமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது, ஃபேஸுக்கும் அந்த முனைக்கும் 230தான் காட்டும். மெயினை அணைத்துப் பூட்டி, சப்ளை இல்லை என்று சோதித்துவிட்டு, மூடியைத் திறந்து வயரைக் கண்ணால் பாருங்கள்.

பீன்யா_ஷெட்:
திறந்தாச்சு. எர்த் முனையில் கறுப்பு வயர். பச்சை வயரே இல்லை.

பேனல்_போர்டு:
அப்படியானால் பழைய சாக்கெட்டையும் இனி யாரும் தொடக்கூடாது. அந்த நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால் மெஷின் பாடி முழுக்க கரண்ட் பாயும். பேனல் எர்த் பாரிலிருந்து பச்சை வயர் இழுங்கள். ஃபேஸ் 6 ச.மி.மீ. செம்பு என்றால் எர்த்தும் 6.

மூன்று_ஃபேஸ்:
ஃபேஸ் வரிசையை எந்தக் காடியும் காக்காது; அது மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அந்த வரிசையைக் காட்டும் சீக்வென்ஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள். தலைகீழாக இருந்தால் சாக்கெட்டுக்குள் ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றினால் போதும், பச்சையைத் தொட வேண்டாம்.