என்சிலாடா சாஸ் ஒரேயடியாகக் கசக்கிறது, காப்பாற்ற வழி உண்டா?

இன்று இரவு வீட்டில் எட்டுப் பேருக்கு மெக்சிகன் சாப்பாடு. கோழி என்சிலாடாதான் (கோழியைச் சோள ரொட்டியில் சுருட்டி, மேலே சாஸ் ஊற்றிச் செய்வது) முக்கிய அயிட்டம், அதற்கு அரைத்த சிவப்பு மிளகாய் சாஸ் வாயில் வைக்க முடியாதபடி கசக்கிறது. காரம் சரியாகத்தான் இருக்கிறது. விழுங்கிய பிறகுதான் அடிநாக்கில் மாத்திரையைக் கடித்துவிட்ட மாதிரி ஒரு கசப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது.

காய்ந்த மெக்சிகன் மிளகாயில் இரண்டு வகை, குவாஹியோ 8, ஆஞ்சோ 4, விதை எடுத்துவிட்டு இரும்புக் கல்லில் வறுத்தேன். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. திரும்பி வந்தால் குவாஹியோ நாலைந்து ஓரம் சுருண்டு கருத்துக் கிடக்கிறது, வீடு முழுக்க இருமல். வீணாக்க மனசில்லாமல் அதையும் சேர்த்தே வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரையே ஊற்றி பூண்டு, வெங்காயம், சீரகம், ஆரிகானோவோடு மிக்சியில் அரைத்து, எண்ணெயில் 15 நிமிடம் கொதிக்கவிட்டேன்.

வடிகட்டிப் பார்த்தேன். ஒரு ஸ்பூன் சர்க்கரை, அப்புறம் இன்னொன்று போட்டேன், இப்போது இனிப்பும் கசப்பும் தனித்தனியாகத் தெரிகிறது. இரண்டு தக்காளி சுட்டு அரைத்து ஊற்றியதில் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. எலுமிச்சையால் புளிப்பு ஏறியதுதான் மிச்சம்.

கோழியை வேகவைத்து உதிர்த்தாயிற்று, சோள டார்ட்டியா ரொட்டியும் தயார். இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது, கையில் ஆஞ்சோ மூன்றும் தக்காளி ஆறும் மீதி. இந்த சாஸில் ஏறிய கருகல் கசப்பை எடுக்க முடியுமா, இல்லை கொட்டிவிட்டு இருப்பதை வைத்துப் புதிதாகத் தொடங்கட்டுமா?