அறைக்குள் காணாமல் போன ஒரு பேஸ் சுரம்

வீட்டு ஸ்டூடியோவுக்கு எந்த மானிட்டர் (பாட்டைச் சரிபார்த்துக் கேட்கும் ஸ்பீக்கர்) வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது, அறை எவ்வளவு பெரியது, மேசை எங்கே கிடக்கிறது என்பதைத்தான். நண்பர் ஒருவரின் அறையில் பார்த்ததிலிருந்து வந்த பழக்கம் இது.

பேஸ் கிட்டாரில் டி தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டை வாசித்தால் அவருக்குக் கேட்கவே கேட்காது. பக்கத்துச் சுரங்களெல்லாம் கணீரென்று வரும். மானிட்டரில் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியைத் தரும் 5 அங்குல வூஃபர்தான் காரணம் என்று அதை விற்றுவிட்டு 8 அங்குலம் வாங்கினார். அதிலும் அந்தச் சுரம் வரவில்லை. எல்லா ஒலிகளையும் சேர்த்துக் கலக்கும் மிக்ஸில் அதை மட்டும் ஏற்றி வைப்பார். காரில் போட்டால் அந்த ஒரு சுரம் வந்து இடிக்கும்.

மானிட்டரின் முகத்துக்கும் முதுகுப்பக்கச் சுவருக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மீட்டர் இருந்தது. வம்பு அங்கேதான். தாழ்ந்த ஒலி முன்பக்கம் மட்டும் போவதில்லை, பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னாலும் போகும். சுவர் இருக்கும் தூரம் அலைநீளத்தில் கால் பங்கானால், பட்டுத் திரும்பும் ஒலி நேரே வரும் ஒலியை அழித்துவிடும். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். சுவர் ஒரு மீட்டரில் என்றால் அலைநீளம் நாலு மீட்டர். 343ஐ நாலால் வகுத்தால் 86 ஹெர்ட்ஸ் சொச்சம், அந்தச் சுருதியில்தான் ஒலி அழியும். அவர் தேடிய சுரம் 87 ஹெர்ட்ஸ்! தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் அந்த இடத்தை ஏற்றியும் பார்த்திருக்கிறார். நேர் ஒலி ஏறும் அளவுக்குத் திரும்பி வருவதும் ஏறுமே, பிறகு எங்கே நிரம்பும்?

கேபிளுக்கு மட்டும் இடம் விட்டு மானிட்டர்கள் இரண்டையும் சுவரோரம் தள்ளினோம். வூஃபரிலிருந்து சுவருக்கு இப்போது 40 செ.மீ. ஒலி அழியும் அந்தப் பள்ளம் 210 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிட்டது. அந்த உயரத்தில் பின்னால் வைத்த 4 அங்குல ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு போன்ற கல் இழை) பலகைக்கும் வேலை செய்ய வழி உண்டு. 86இல் அது ஒன்றுமே செய்யாது. சுவரோரம் போனதில் பேஸ் பொதுவாக வீங்கியது. மானிட்டரின் பின்பக்க ஸ்விட்சில் பேஸை 2 டெசிபல் இறக்கினோம், அடங்கியது.

பேஸுக்காகப் பெட்டியில் விடும் காற்றுத் துளை முன்பக்கம் உள்ள மாடலைத்தான் சுவரோரம் வைக்கலாம் என்று சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துளை எந்தப் பக்கம் இருந்தாலும் பேஸ் எல்லாப் பக்கமும்தான் போகும். பின்துளை அடைபடாமல் கொஞ்சம் இடைவெளி இருந்தால் சரி.

*

அண்ணே, சுவர் கதை சரிதான். நான் பார்த்தது நாற்காலிக் கதை. எங்க குழு கிட்டார்காரர் 3.4 மீட்டர் நீள அறையில நட்டநடுவுல உட்கார்ந்து மிக்ஸ் பண்ணுவார். கிக் டிரம்முக்கு வயிறே இல்லைன்னு ஏத்திக்கிட்டே போனார். அந்த நீளத்துக்கு 50 ஹெர்ட்ஸ்ல நிலையலை நிக்கும், அதாவது ரெண்டு சுவருக்கும் நடுவுல மோதித் திரும்புற ஒலி ஒரே இடத்துல நின்னு ஆடும். நடுவுல அது செத்துடும், சுவரோரம் முழங்கும். அவரையே எழுந்து மூலைக்குப் போய் நிக்கச் சொன்னேன். "இவ்வளவு கிக்கா!"ன்னுட்டார்.

நாற்காலியை எங்க போடணும்னா, ஸ்பீக்கருக்குப் பின்னாடி இருக்கிற முன்சுவர்ல இருந்து அறை நீளத்துல 38 சதவீதம்னு ஒரு கணக்கு சொல்வாங்க. அதை வேதமா எடுத்துக்க வேணாம், ஆரம்பிக்க நல்ல இடம். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திக் காதால பிடிக்கணும். ரெண்டு ஸ்பீக்கரும் தலையும் சமபக்க முக்கோணம், மேல் ஒலி தர்ற சின்ன ட்வீட்டர் காது மட்டத்துல. பக்கச் சுவருக்குக் கண்ணாடி வித்தை: ஒருத்தர் கண்ணாடியைச் சுவரோட நகர்த்தணும், உட்கார்ந்திருக்கிறவர் கண்ணுக்கு ட்வீட்டர் தெரியுற இடத்துல பலகை மாட்டணும். மெல்லிசு ஃபோமை அறை முழுக்க ஒட்டாதீங்க. மேல் ஒலி மட்டும் செத்து, பேஸ் அப்படியே கிடக்கும்.

*

யாராவது யமஹா என்.எஸ்.-10 ஸ்பீக்கர் பற்றிச் சொல்வீர்கள் என்று பார்த்தேன், நானே சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் கூம்பு உள்ள அந்தப் பெட்டியைப் பழைய ஸ்டூடியோ ஒன்றில் கேட்டேன். 1978இல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று வந்தது, பிறகு உலகெங்கும் ஸ்டூடியோ மேசைகளில் ஏறிக்கொண்டது. ட்வீட்டர் கூசுகிறது என்று அதன்மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டிய பொறியாளர்களும் உண்டு. என் மிக்ஸைப் போட்டதும் பாடகரின் குரல் முகத்தில் அடித்தது, பேஸ் ஒல்லியாகிவிட்டது. இனிமையே இல்லை. ஆனால் துளை இல்லாத மூடிய பெட்டி என்பதால் கிக் அடித்த வேகத்தில் நின்றது. எது நீள்கிறது, எது நிற்கிறது என்பது பளிச்சென்று தெரிந்தது. 2001இல் தயாரிப்பு நின்றுவிட்டதால் இன்று கிடைப்பவை எல்லாம் வயதானவை. தேடி அலைய வேண்டாம் என்பேன்.

ஒலி அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சத்தம் குறையக் குறைய நம் காது பேஸைத்தான் முதலில் விடும். ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே வரைபடம் போட்டுக் காட்டிவிட்டார்கள். ராத்திரி மெதுவாக வைத்து மிக்ஸ் செய்தால் பேஸ் கூடிப்போவது அதனால்தான். நான் வால்யூம் குமிழில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மிக்ஸ் முழுக்க அதே குறியில் வைக்கிறேன். கடைசியில் மட்டும் ஒருமுறை ஏற்றியும் இறக்கியும் கேட்பேன்.