மார்கெட்டாவின் குரல் யாருடையது? பதில் சொல்லிவிட்டு அப்புறம் புகழுங்கள்

கூழாங்கல்:
நேற்று 'மறக்க முடியாத முகங்கள்' இழையில் நண்பர் மழைக்காகிதம் எழுதிய ஒரு வரி: "முகம், உடல், குரல் மூன்றாலும் ஒரு முழுப்படத்தையும் தாங்கியவர் மார்கெட்டா லாஸரோவாவில் நடித்த மாக்தா வாஷாரியோவா." அதற்கு நாற்பது பேர் கைதட்டல் வேறு. ஐயா, முகம் சரி. உடல் சரி. குரல்? அந்தப் படத்தில் மார்கெட்டா பேசுவது செக் மேடை நடிகை கப்ரியேலா வ்ரானோவாவின் குரலில். மாக்தா ஸ்லோவாக் பெண், படம் செக் மொழி, வேறொருவர் டப்பிங் பேசினார். இதுகூடத் தெரியாமல் குரலைப் பற்றி நான்கு பத்தி உருகியிருக்கிறார், "பனியில் நனைந்த குரல்" என்று. பனி நனைக்குமா என்பது தனிக் கேள்வி. நனைந்தது யாருடைய தொண்டை என்பதுதான் என் கேள்வி.

மழைக்காகிதம்:
வணக்கம் அண்ணே. என்னடா இன்னும் காணோமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, 'குரல்', அதை எடுத்துவிட்டால் பதிவில் என்ன தப்பு? அந்தப் பெண் படத்தில் பேசுவதே கொஞ்சம். மடத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண், கொள்ளைக்காரன் மகன் தூக்கிக்கொண்டு போகிறான், இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் பாதி நேரம் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அந்தப் பார்வைக்கும் வ்ரானோவாதான் டப்பிங் பேசினாரா?

கூழாங்கல்:
"ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால்" என்கிறார். எடுத்துவிடுங்களேன். பதிவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன்.

நடுராத்திரி ரசிகன்:
செக் படங்களில் ஸ்லோவாக் நடிகர்களுக்கு டப்பிங் வைப்பது அன்றைக்குச் சாதாரணம். அதே படத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போகும் மிகோலாஷாக வரும் ஃப்ரான்டிஷெக் வெலெட்ஸ்கியும் ஸ்லோவாக்தான், அவருக்கும் இரவல் குரல்தான். அவர் நடிப்பைப் பற்றி யாரும் இப்படி வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை. நடிகை என்றால் மட்டும் ரசீது கேட்பீர்களா?

கூழாங்கல்:
வெலெட்ஸ்கியின் குரலைப் புகழ்ந்து யாராவது நான்கு பத்தி எழுதட்டும், அங்கேயும் வருகிறேன்.

வித்யா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரே படத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் இந்த இழுபறி? மாக்தா 1948ல் பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்ஸாவில் பிறந்தவர், பழைய வெள்ளிச் சுரங்க ஊர். அந்தப் படம் வந்தபோது வயது 19. அதற்கு முன்னால் ஷுமாவா காட்டில் 500 நாளுக்கு மேல் படப்பிடிப்பு, பாதி குளிரில். அப்புறம் அவர் நடிப்புக் கல்லூரிக்குக்கூடப் போகவில்லை. பிராட்டிஸ்லாவாவில் கொமேனியஸ் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து 1971ல் முடித்தார். அதிலிருந்து 1989 வரை மேடை, ஸ்லோவாக் தேசிய நாடக அரங்கு உட்பட. மேடையில் யார் வந்து டப்பிங் பேசுவார்கள்? குரல் இல்லாதவரை அத்தனை வருடம் வைத்துக்கொள்வார்களா? நீங்கள் எல்லோரும் திரையை மட்டும் பார்த்துவிட்டு ஒரு மேடை நடிகையை அளக்கிறீர்கள்.

கூழாங்கல்:
வித்யா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன், அந்த மேடை நாடகம் ஒன்றையாவது நீங்கள் பார்த்தீர்களா?

வித்யா:
இல்லை. நீங்கள்?

கூழாங்கல்:
நானும் இல்லை. அதனால்தான் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. பார்த்த படத்தைப் பற்றிப் பேசுகிறேன், அதில் கேட்ட குரலைப் பற்றிப் பேசுகிறேன். அது வ்ரானோவாவின் குரல்.

ஆட்டுக்குட்டி பெர்னார்ட்:
பாப்கார்னோடு உட்கார்ந்துவிட்டேன். தொடருங்கள். (பெயர்க் காரணம் படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

செங்கல்சூளை:
எனக்கு ஒரு சந்தேகம். பூனை கண்ணாடி போட்டிருக்கும், அதைக் கழற்றினால் ஊர்க்காரர்கள் எல்லாம் அவரவர் குணத்துக்கு ஏற்ற நிறமாக மாறுவார்களே, அந்தப் படத்தில் சர்க்கஸ் பெண்ணாக வருவது இவர்தானே? என்ன அழகு!

வித்யா:
அது அக்கா எமிலியா வாஷாரியோவா. 1963ல் வந்த படம். ஆறு வயது மூத்தவர்.

நடுராத்திரி ரசிகன்:
போச்சு, அக்காவும் வந்தாச்சு. உண்மையைச் சொன்னால் அந்தக் குடும்பத்தில் நடிகை என்றால் எமிலியாதான். முறையாக நடிப்புப் படித்தவர், 1964லிருந்து தேசிய நாடக அரங்கில். தங்கை மாதிரி பாதியில் அரசியலுக்குப் போகவில்லை. அறுபது வயதுக்கு மேல் செக் லயன் விருது வாங்கினார், 'ஹோரெம் பாடெம்' படத்துக்கு. அழகுக்காகக் கொண்டாடப்பட்டவர் தங்கை, வேலைக்காகக் கொண்டாடப்பட்டவர் அக்கா.

மழைக்காகிதம்:
இதோ வந்துவிட்டது, அழகாக இருந்தால் வேலை தெரியாது என்ற தீர்ப்பு. இயக்குநர் யிர்ஷி மென்ஸலின் 'போஸ்த்ர்ஷிஷினி' பார்த்தீர்களா ரசிகரே? எழுத்தாளர் ஹ்ரபாலின் கதை. மதுவடிசாலை மேலாளரின் மனைவி மரிஷ்காவாக மாக்தா. பன்றி அடிக்கும் நாளில் அவள் சாப்பிடுகிற சாப்பாட்டைப் பாருங்கள், பீரை இறக்குவதைப் பாருங்கள். முழங்கால் வரை முடியைப் பறக்கவிட்டு சைக்கிள் மிதிப்பாள், ஊரே நின்று பார்க்கும். கொழுந்தன் பெபினோடு ஆலைப் புகைபோக்கி உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள், கீழே தீயணைப்பு ஆட்கள் தவிப்பார்கள். கடைசியில் அந்த முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நிற்கும்போது, புருஷன் சைக்கிள் பம்ப்பின் ரப்பர் குழாயைக் கழற்றுவான். அதை வாங்கிக்கொள்கிற முகத்தில் குறும்பும் இருக்கிறது, ஒரு காலம் முடிந்துபோன துக்கமும் இருக்கிறது. அழகு மட்டும் போதுமென்றால் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு காலண்டர் போதும்.

கூழாங்கல்:
முடியைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறீர்கள். குரலைப் பற்றிய வரி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

செங்கல்சூளை:
ஒரு சின்ன விஷயம். எல்லோரும் அவரைச் செக் நடிகை என்றுதானே சொல்கிறோம்? 1998ல் செக் விமர்சகர்கள் மார்கெட்டாவைத்தான் எக்காலத்துக்கும் சிறந்த செக் படம் என்று தேர்ந்தெடுத்தார்கள் என்று படித்த ஞாபகம்.

வித்யா:
படம் செக், நடிகை ஸ்லோவாக். அன்றைக்கு செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரே நாடு என்பதற்காக இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். இயக்குநர் யாகுபிஸ்கோவின் 'பறவைகள், அனாதைகள், பைத்தியங்கள்' 1969ல் எடுத்தது, அதில் மார்த்தாவாக நடித்தது இவர்தான். சோவியத் டாங்கிகள் வந்த பிறகு அந்தப் படத்தையே பூட்டி வைத்தார்கள், வெளியே வர இருபது வருடம். ஒரு ஸ்லோவாக் நடிகையின் முக்கியமான வேலை இப்படிப் பெட்டிக்குள் கிடந்தது. வெளியுலகத்துக்குத் தெரிந்தவை செக் படங்கள். அதனால் 'செக் நடிகை' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. குரல் பறிபோனது மார்கெட்டாவில் என்றால், ஊர் பறிபோனது எல்லாப் படத்திலும்.

கூழாங்கல்:
"குரல் பறிபோனது" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் வித்யா. நன்றி. குறித்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

வித்யா:
அட, நான் சொன்னது அதுவா?

நடுராத்திரி ரசிகன்:
கூழாங்கல் அண்ணே, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வ்ரானோவாவும் பிறந்தது ஸ்லோவாக்கியாவில்தான், நோவே மெஸ்டோ நாட் வாஹோம் என்ற ஊர். அப்புறம்தான் பிராகுக்குப் போய் செக் மேடையில் பெயர் வாங்கினார். ஆகவே ஸ்லோவாக் பெண்ணுக்குச் செக் குரல் கொடுத்தவரும் ஸ்லோவாக்கியாவில் பிறந்த பெண். இப்போது யார் யாருடைய குரலைத் திருடியது?

கூழாங்கல்:
திருட்டு என்று நான் எங்கே சொன்னேன்? பெயர் சொல்லவில்லை என்றுதான் சொன்னேன். வ்ரானோவா எங்கே பிறந்திருந்தால் எனக்கென்ன? ஒலிப்பதிவுக் கூடத்தின் இருட்டில் நின்று, இன்னொருத்தியின் உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து, மூச்சு எங்கே விடுகிறாள், எங்கே நிறுத்துகிறாள் என்று கணக்கு வைத்துப் பேசியிருக்கிறார். நான்கு பத்தியில் அவர் பெயருக்கு ஒரு வரி கிடையாது. அந்த வலி வேலை செய்தவனுக்குத்தான் தெரியும்.

மழைக்காகிதம்:
ஓ. இப்போது புரிகிறது. அண்ணே, இது அந்த சப்டைட்டில் விவகாரமா?

கூழாங்கல்:
எந்த சப்டைட்டில் விவகாரம்? நான் அதைப் பேசவே இல்லை. நீங்கள் எடுத்ததால் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்னால் நம் ஞாயிற்றுக்கிழமைத் திரையிடலுக்கு இதே படத்துக்கு பத்தொன்பது ராத்திரி உட்கார்ந்து தமிழ் சப்டைட்டில் போட்டது யார்? அந்தப் படத்தின் வசனம் பாதி எதிரொலியில் வரும், யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது, ஒரு வரியைப் பத்து முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கடைசியில் 'தமிழில்: கூழாங்கல்' என்று மூன்றே விநாடி ஓர் அட்டை. மூன்றே விநாடி. திரையிடலில் அது இல்லை. யார் எடுத்தது?

மழைக்காகிதம்:
நூறாவது முறையாகச் சொல்கிறேன், யாரும் எடுக்கவில்லை. மடிக்கணினியில் ஃபாண்ட் உடைந்து உங்கள் பெயர் கட்டம் கட்டமாக வந்தது. அது போவதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

கூழாங்கல்:
இரண்டே முக்கால் மணி நேரம் உடையாத ஃபாண்ட் என் பெயருக்கு மட்டும் உடைந்ததாக்கும்.

ஆட்டுக்குட்டி பெர்னார்ட்:
நான் அந்தத் திரையிடலுக்கு வந்திருந்தேன். கட்டங்கள் வந்தது உண்மை. ஏதோ செக் எழுத்து என்று நினைத்தேன்.

செங்கல்சூளை:
சோஃபீஸ் சாய்ஸ் படத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. மெரில் ஸ்ட்ரீப்புக்கு முன்னால் இயக்குநர் ஆலன் பாக்குலா இவரைத்தான் அந்த வேடத்துக்கு மனதில் வைத்திருந்தார். ஸ்ட்ரீப் எப்படியோ திரைக்கதையைக் கைப்பற்றிப் படித்துவிட்டுப் போய்க் கெஞ்சி வாங்கினார். நடந்திருந்தால் ஆஸ்கரே வந்திருக்கும்.

நடுராத்திரி ரசிகன்:
வந்திருக்கும் போயிருக்கும் என்றெல்லாம் பேசினால் நான்கூட அந்த வருடம் கிரிக்கெட் அணியில் இருந்திருப்பேன். ஸ்ட்ரீப் அந்தப் படத்தில் போலிஷ் உச்சரிப்பைப் பழகி நடித்தார். இவர் ஆங்கிலத்தில் எப்படிச் சமாளித்திருப்பார்?

கூழாங்கல்:
வ்ரானோவாவைக் கூப்பிட்டிருப்பார்கள்.

மழைக்காகிதம்:
அண்ணே, சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது அநியாயம். ஆங்கிலத்தை விடுங்கள், அந்த மனுஷி 1990ல் செக்கோஸ்லோவாக்கியாவின் தூதராக வியன்னாவுக்குப் போனார். 2000லிருந்து 2005 வரை ஸ்லோவாக்கியத் தூதராக வார்சாவில். 1999ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார், மக்கள் நேரடியாக வாக்களித்த முதல் தேர்தல், முன்னாள் பிரதமர் மெச்சியாருக்கு அடுத்து மூன்றாவது இடம். ஊர் ஊராகப் போய் சொந்தக் குரலில்தான் ஓட்டுக் கேட்டிருப்பார்.

நடுராத்திரி ரசிகன்:
ஆறரை சதவீதம் சொச்சம். 'மூன்றாவது இடம்' என்று சொன்னால் ஏதோ நூலிழையில் தோற்ற மாதிரி இருக்கிறது.

வித்யா:
பின்னால் கட்சியில்லை, அன்றைக்கு ஒரு பெண், அதுவும் நடிகை. ஸ்லோவாக்கியாவுக்குப் பெண் குடியரசுத் தலைவர் வந்தது 2019ல்தான். இருபது வருடம் முன்னால் நின்றவருக்கு ஆறரை சதவீதம் கேலியா? உங்கள் எமிலியா தேர்தலில் நின்றாரா?

நடுராத்திரி ரசிகன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன், நிற்கவில்லை, நடித்துக்கொண்டிருந்தார்.

வித்யா:
மாக்தா வீட்டில் நடந்ததையும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். கணவர் மிலான் லாசிட்ஸா, அந்த ஊரின் பெரிய நகைச்சுவைக் கலைஞர், 2021 ஜூலையில் பிராட்டிஸ்லாவாவில் மேடையில் பாடி முடித்தவர் அங்கேயே சரிந்து இறந்தார், 81 வயது. மேடை என்பது அந்த வீட்டுக்கு என்ன என்று தெரியாமல், தங்கை விட்டுவிட்டுப் போனாள், அக்கா நிலைத்தாள் என்று மதிப்பெண் போடுகிறோம்.

ஆட்டுக்குட்டி பெர்னார்ட்:
இது எனக்குத் தெரியாது. பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டேன்.

கூழாங்கல்:
லாசிட்ஸாவைப் பற்றி வித்யா சொன்னதற்கு நன்றி, மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தூதர், தேர்தல் எல்லாம் பெரிய விஷயம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், இத்தனை பதிவு ஓடிவிட்டது, அக்கா வந்தார், ஸ்ட்ரீப் வந்தார், மெச்சியார்கூட வந்துவிட்டார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. நேற்றைய பதிவில் 'குரல்' என்ற சொல் இருக்கிறது, வ்ரானோவா என்ற பெயர் இல்லை.

மழைக்காகிதம்:
சரி அண்ணே, பதிவைத் திருத்திவிட்டேன். போய்ப் பாருங்கள்.

கூழாங்கல்:
பார்த்தேன். 'குரல்' என்பதை எடுத்துவிட்டு 'மௌனம்' என்று போட்டிருக்கிறீர்கள். "முகம், உடல், மௌனம் மூன்றாலும்." வ்ரானோவாவின் பெயர் இப்போதும் இல்லை! முன்னால் அவருடைய வேலை இன்னொருவர் கணக்கிலாவது இருந்தது, இப்போது அந்த வேலையே இல்லை என்றாகிவிட்டது. இது முன்னதைவிட மோசம்.

மழைக்காகிதம்:
உங்களோடு முடியாது அண்ணே. நான் அந்தப் பதிவை இனி தொடப் போவதில்லை.

செங்கல்சூளை:
அந்தத் தமிழ் சப்டைட்டில் கோப்பு யாரிடமாவது இருக்கிறதா? இவ்வளவு படித்த பிறகு படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் போலிருக்கிறது.

கூழாங்கல்:
இருக்கிறது. தனிச்செய்தியில் அனுப்புகிறேன். கடைசி அட்டையைப் படமாகவே சேர்த்துவிட்டேன், இனி எந்த ஃபாண்டும் உடையாது. இப்போது ஐந்து விநாடி.