தாத்தாவின் பட்டாள எண் தெரியவில்லை, எங்கிருந்து தேடத் தொடங்குவது?

வடஆற்காட்டுப் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாவின் அப்பா இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பட்டாளத்தில் இருந்தவர். 1981-ல் இறந்துவிட்டார். நான் பிறக்கும் முன்பே போனவர், அதனால் எனக்கு அவரைப் போட்டோவில்தான் தெரியும். போன தை மாதம் ஆயாவும் போய்விட்டார். காரியம் முடிந்து பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டி கிடைத்தது.

அதில் இருந்தவற்றைச் சொல்கிறேன். சீருடையில் நின்றபடி ஸ்டுடியோவில் எடுத்த ஒரு போட்டோ. இரண்டு மெடல்கள். ஒன்று ஆறு முனை நட்சத்திரம், நடுவில் 'தி பர்மா ஸ்டார்' என்று இருக்கிறது. இன்னொன்று வட்டமானது, ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் ஏதோ ஒரு மிருகத்தை மிதித்துக்கொண்டு நிற்கும் சிங்கம். இரண்டிலும் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. அப்புறம் நான்காக மடித்த ஒரு டிஸ்சார்ஜ் சர்டிபிகேட். அதன் மேல் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. எண்ணும் பெயரும் ரெஜிமென்ட்டும் அந்தப் பாதியில்தான் இருந்திருக்க வேண்டும். கீழ்ப் பாதியில் 1946 என்ற வருடமும் நடத்தை 'வெரி குட்' என்பதும் தாத்தாவின் பெருவிரல் ரேகையும் மட்டும் மிச்சம்.

எங்கள் வீட்டில் இதைப்பற்றி இரண்டு கதைகள் உண்டு. தாத்தா கோஹிமாவில் சண்டை போட்டவர் என்பது அப்பா சொல்வது. 'அவர் லாரி ஓட்டினார், அரிசி மூட்டை ஏற்றினார், சண்டையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்' என்பது சித்தப்பா சொல்வது. பொங்கலுக்குப் பொங்கல் இந்தப் பேச்சு வரும், அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அத்தைக்கு நினைவிருப்பது ஒரே ஒரு வரிதான். 'மணிப்பூர் ரோட்டுல கிடந்தேன்' என்று தாத்தா அடிக்கடி சொல்வாராம். மணிப்பூரில் ஏதோ ஒரு சாலையில் வேலை பார்த்தார் போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அப்பாவுக்கு இப்போது 73 வயது. அவர் இருக்கும்போதே உண்மை தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். அது அவர் சொன்ன கதையாக இல்லாவிட்டாலும் சரி. எல்லாக் காகிதமும் லண்டனில் இருக்கும், வெளிநாட்டு வம்சாவளி இணையதளத்தில் பணம் கட்டினால் கிடைக்கும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?

பழைய கிளார்க்:

பணம் கட்டாதே அம்மா. நான் ராணுவத்தில் ரெக்கார்ட் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். சிப்பாய், டிரைவர், நாயக், ஹவில்தார் என்று கீழ்நிலைகளில் இருந்த நம் ஆட்களின் தனிப்பட்ட சேவைக் காகிதங்கள் லண்டன் போகவில்லை. அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில்தான் இருந்தன. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவில் இருப்பவை பெரும்பாலும் அதிகாரிகளின் கோப்புகள். உன் தாத்தாவை அங்கே தேடினால் நாளும் காசும்தான் போகும்.

முதலில் எந்தப் பிரிவு என்று தெரிய வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். பீரங்கிப் படையான ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு. தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். தவறான இடத்துக்கு எழுதினால் 'இங்கே இல்லை' என்று ஒரு வரி வரும், குடும்பமும் அதோடு தேடுவதை விட்டுவிடும். இப்படி விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு காரியம் செய். அந்தப் போட்டோவை நல்ல ஸ்கேனரில் பெரிதாக ஸ்கேன் பண்ணி, தோள்பட்டையில் பித்தளை எழுத்துகள் தெரிகிறதா பார். அடுத்தது, உன் ஆயாவுக்குக் கடைசிக் காலத்தில் அரசாங்கத்திடமிருந்து மாதாமாதம் ஏதாவது பணம் வந்ததா என்று அத்தையிடம் கேள். போர் முடிந்ததும் ஆள் குறைப்பில் பென்ஷன் இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். இரண்டாம் உலகப் போரில் இருந்து பென்ஷன் வாங்காத அப்படிப்பட்டவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத நிதியுதவி தருகிறது. அது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக வரும். வாங்கியிருந்தால் அங்கே கோப்பு இருக்கும், கோப்பில் எண் இருக்கும்.

மெடலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தலை டிராகனைச் சிங்கம் மிதிப்பது வார் மெடல். அது 28 நாள் முழுநேரச் சேவை இருந்தாலே கிடைக்கும். பர்மா ஸ்டார் அப்படி இல்லை, குறிப்பிட்ட போர்ப் பகுதிக்குப் போனவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். ஆனால் அது இருப்பதால் பர்மாவுக்குள் போயிருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது. அஸ்ஸாமும் வங்காளமும் அந்தக் கணக்கில் சேரும்.

திருச்சி வாசகர்:

உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பெரியப்பா போனவர் போனவர்தான். தந்தி மட்டும் வந்தது, 'காணவில்லை' என்று. எங்கள் பாட்டி அதற்கப்புறம் 40 வருடம் உயிரோடிருந்தார். தேதி தெரியாததால் திதி கொடுக்கவும் இல்லை, கொடுக்க அவர் விடவும் இல்லை. 'காணோம்னுதானே சொன்னான், செத்துட்டான்னு சொல்லலையே' என்பார்.

இறந்தவர்களைத் தேடுவதற்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம் இருக்கிறது. காசு கிடையாது. நான் பெரியப்பாவின் பெயரைப் போட்டுப் போட்டுத் தேடி ஒரு வருடம் கிடைக்கவில்லை. காரணம் எழுத்துக்கூட்டல். முனுசாமி என்ற பெயரை அந்தக் கால எழுத்தர்கள் முனிசாமி, முனிஸ்வாமி, மன்சாமி என்று காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். இன்றைய மாவட்டப் பெயரும் உதவாது. அந்தக் காலத்து ஜில்லா பெயரைத்தான் போட வேண்டும். உங்கள் பக்கத்தவர்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை என்று தேடக்கூடாது, வட ஆற்காடு என்று தேட வேண்டும். நான் கடைசியில் பெயரை விட்டுவிட்டு, டிரிச்சினாபொலி என்ற பழைய ஆங்கில எழுத்தையும் தாத்தாவின் பெயரையும் வைத்துத் தேடினேன். இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்று சில பதிவுகளில் இருக்கும். ஊர்ப் பெயரில் பாதி எழுத்து தப்பு, ஆனாலும் எங்கள் ஊர்தான். தாத்தா பெயரும் பாட்டி பெயரும் சேர்ந்தே இருந்தன.

பெரியப்பாவின் பெயர் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கிறது. தௌக்யான் போர்க் கல்லறையில், கல்லறை இல்லாமல் போன ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களோடு. இறந்த தேதி 1944-ல் ஒரு நாள். அந்தத் தேதியைப் பழைய பஞ்சாங்கத்தில் பார்த்துத் திதியைக் கண்டுபிடித்தோம். என் அப்பா தன் 81-வது வயதில், தான் முகம்கூட மறந்துவிட்ட அண்ணனுக்கு முதல் முறையாகக் காவிரிக் கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்.

உங்கள் தாத்தா திரும்பி வந்தவர், அதனால் அந்தத் தளத்தில் இருக்க மாட்டார். ஆனாலும் எழுத்துக்கூட்டல் விஷயம் உங்களுக்கும் பொருந்தும். அவர் பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வடஆற்காட்டுப் பேத்தி:

ஐயா, கிடைத்துவிட்டது!

அத்தையைக் கேட்டேன். 'ஆமா, ஆயாவுக்கு மாசம் மாசம் பட்டாளத்துப் பணம் வரும், அதுக்கு அட்டைகூட இருந்துச்சே' என்றார். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரேஷன் கார்டு வைத்திருந்த பையிலேயே அந்த விதவை அடையாள அட்டை இருந்தது. அதில் தாத்தாவின் எண், பெயர், 'டிரைவர்' என்று எல்லாம் இருக்கிறது. எண்ணைப் பார்த்ததும் அப்பா அதைத் திரும்பத் திரும்ப மூன்று தடவை வாசித்தார்.

போட்டோவையும் ஸ்கேன் பண்ணினேன். தோளில் ஐந்து எழுத்துகள்: ஆர், ஐ, ஏ, எஸ், சி. டிரைவர் என்றால் சித்தப்பா சொன்னதுதான் சரி போலிருக்கிறது. அப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

திமாப்பூரில் இருந்தவன்:

தங்கச்சி, நான் மூன்று வருடம் நாகாலாந்தில் பணியில் இருந்தவன். 'மணிப்பூர் ரோடு' என்பது சாலை இல்லை. திமாப்பூர் ரயில் நிலையத்தின் அந்தக் காலப் பெயரே மணிப்பூர் ரோடுதான். உங்கள் தாத்தா ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறார், வீட்டில் எல்லோரும் அதைச் சாலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

1944-ல் திமாப்பூர் என்னவாக இருந்தது என்று தெரிந்தால் சித்தப்பா அப்படிப் பேச மாட்டார். அந்தப் போர்முனைக்கான மிகப் பெரிய சரக்குக் கிடங்கு அது. 11 மைல் நீளம், ஒரு மைல் அகலம் என்று எழுதியிருக்கிறார்கள். அரிசி, குண்டு, பெட்ரோல், மருந்து எல்லாம் ரயிலில் வந்து அங்கே இறங்கி, அங்கிருந்து மலைச் சாலையில் லாரியில்தான் போக வேண்டும். கோஹிமா 46 மைல், அதையும் தாண்டினால் இம்பால். 1944 மார்ச் கடைசியில் ஜப்பானியர்கள் கோஹிமாவுக்கும் இம்பாலுக்கும் நடுவே அந்தச் சாலையை அறுத்தார்கள், ஏப்ரல் தொடக்கத்தில் கோஹிமாவை முற்றுகையிட்டார்கள். சாலை முழுதும் மறுபடி திறந்தது ஜூன் 22-ல், 109-வது மைல்கல் அருகே. நடுவில் இருந்த அந்த மாதங்களில் கோஹிமாவில் சண்டையிட்டவர்களுக்குக் குண்டையும் சோற்றையும் திமாப்பூரிலிருந்து மேலே கொண்டுபோன லாரிகளை யாரோ ஓட்டித்தானே ஆக வேண்டும்?

நான் அந்தச் சாலையில் போயிருக்கிறேன். இன்றைக்கும் மழைக்காலத்தில் மண் சரியும், ஒரு பக்கம் பள்ளம். ஜப்பானியப் படை திமாப்பூரைப் பிடிக்க வந்துவிடுமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த சமயத்தில், அந்தச் சேற்றில், குண்டு ஏற்றிய லாரியோடு போவது விளையாட்டில்லை.

உங்கள் தாத்தா அந்த மாதங்களில் அங்கே இருந்தாரா என்பதைக் காகிதம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் அதை உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் அரிசி மூட்டை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பழைய கிளார்க்:

நல்ல வேலை செய்தாய் அம்மா. அந்த ஐந்து எழுத்து ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், அதாவது ராணுவத்தின் சரக்கு, போக்குவரத்துப் பிரிவு. இன்றைய ஏ.எஸ்.சி. நம் பக்கத்து ஆட்களுக்கு முதலில் எழுத வேண்டிய இடம் பெங்களூரில் உள்ள ஏ.எஸ்.சி. ரெக்கார்ட்ஸ் சவுத்.

இப்போது கவனமாகக் கேள். நீ பொதுவாக 'தாத்தாவின் சேவை விவரம் வேண்டும்' என்று எழுதினால், பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணங்கள் 25 வருடத்துக்கு அப்புறம் விதிப்படி அழிக்கப்பட்டன என்று பதில் வரலாம். அது உண்மைதான், விதி அப்படித்தான். அதோடு மனசு விட்டுவிடாதே. 'லாங் ரோல்' என்று ஒரு பெரிய பேரேடு உண்டு, அதை அழிப்பதில்லை. எண் வாரியாக ஒரு ஆளுக்கு ஒரு வரி என்ற கணக்கில் இருக்கும். சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, காரணம் போன்றவை அதில் கிடைக்கும். கடிதத்தில் 'லாங் ரோலில் உள்ள பதிவின் நகல்' என்று அந்தப் பெயரையே சொல்லிக் கேள். எண்ணைத் தலைப்பிலேயே போடு.

அவர் எந்தக் கம்பெனியில், அதாவது அந்தப் பிரிவுக்குள் எந்தச் சிறு படைக்குழுவில் இருந்தார் என்பதும் தெரிந்துவிட்டால் இன்னொரு கதவு திறக்கும். அப்போது லண்டன் உதவும். ஒவ்வொரு யூனிட்டும் நாள்தோறும் எழுதிய போர் நாட்குறிப்புகள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இந்திய, பர்மா முனைக்கு உரியவை டபிள்யூ.ஓ. 172 என்ற தொகுப்பில். அட்டவணையை இணையத்தில் காசில்லாமல் தேடலாம். உன் தாத்தாவின் பெயர் அதில் இருக்காது. ஆனால் இன்ன தேதியில் இந்தக் கம்பெனியின் இத்தனை லாரிகள் இங்கிருந்து அங்கே போயின என்று இருக்கும்.

வடஆற்காட்டுப் பேத்தி:

மணிப்பூர் ரோடு பற்றி எழுதியதை அப்பாவுக்கும் அத்தைக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அத்தைக்கு அப்போதுதான் இன்னொன்று நினைவு வந்தது. மழை நாளில் தாத்தா பஸ்ஸில் ஏறவே மாட்டாராம். ஏலகிரி மலைக்குப் போகலாம் என்று எல்லோரும் கிளம்பினபோதும் அவர் மட்டும் வரவில்லையாம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டேன், அத்தை சொன்ன தேதியோடு. இனி அவர் சொல்வதையெல்லாம் எழுதப் போகிறேன்.

ஐயா, ஒரே ஒரு சந்தேகம். கடிதத்தை நான் எழுதலாமா, அப்பா எழுத வேண்டுமா?

பழைய கிளார்க்:

அப்பா பெயரில் போகட்டும், மகன் என்றால் நெருங்கிய வாரிசு. தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், ஆயாவின் அட்டை, உறவைக் காட்டும் ஏதாவது ஒரு சான்று, மூன்றின் நகலையும் வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அசலை எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள். அந்தக் கரையான் தின்ற பாதித் தாளையும் நகல் எடுத்து வையுங்கள், 1946 என்ற வருடம் அவர்களுக்குத் தேட உதவும். பதில் வந்ததும் கம்பெனி எண்ணை இங்கே போடுங்கள், கியூ அட்டவணையில் நானே தேடிப் பார்க்கிறேன்.