சேஃப்கார்டிங் பொலிசி: “பாதுகாப்பு” சரிவராது, “பேண்காப்பு” பற்றி யோசிப்பமா?

வணக்கம் எல்லாருக்கும். “சேஃப்கார்டிங்குக்கு தமிழ்ல என்ன சொல் போடலாம்” எண்டு போன கிழமை நான் கேட்டதுக்கு இவ்வளவு பேர் பதில் போடுவீங்க எண்டு நினைக்கவே இல்ல. புதுசா வந்தாக்களுக்கு ஒருக்கா சொல்லிர்றன். ஐசிஈவிஐ மாதிரி, 1952ல நெதர்லாந்தில தொடங்கி இப்ப உலகம் முழுக்க பார்வைக் குறைபாடு உள்ள ஆக்கள்ட கல்விக்கு வேலை செய்யுற வலையமைப்பு ஒண்டுக்கு என்னென்ன கொள்கை வேணும் எண்டு நாங்க இங்க திருகோணமலைல ஒரு சின்ன கைநூல் தமிழ்ல செய்யுறம். நிதி, நலன் முரண்பாடு, இரகசியம் பேணல் எல்லாம் சண்டை இல்லாம முடிஞ்சுது. சேஃப்கார்டிங், அதாவது எங்கட வேலையால ஆருக்கும் தீங்கு வராமப் பாக்கிற கொள்கை, அதிட பேரில வந்து மாட்டிக்கொண்டம்.

சென்னை அண்ணா “குழந்தைப் பாதுகாப்பு எண்டே போடுங்க, எல்லாருக்கும் விளங்கும்” எண்டு எழுதியிருந்தீங்க. அண்ணா, எங்கட பக்கம் “சிறுவர் பாதுகாப்பு” ஏற்கனவே ஒரு சட்டச் சொல், 1998ம் ஆண்டு 50ம் இலக்கச் சட்டத்தால வந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிட பேரிலயே இருக்கு. ரெண்டாவது, இது சிறுவருக்கு மட்டும் உள்ள விசயம் இல்ல. மாற்றுத்திறனாளிகள்ட உரிமை பற்றி 2006ல வந்த ஐநா சமவாயத்திட 16ம் உறுப்புரை சுரண்டல், வன்முறை, துஷ்பிரயோகம் பற்றி சொல்லேக்க வளந்த ஆக்களையும் சேத்துத்தான் சொல்லுது, இலங்கையும் அதை 2016ல ஏற்புறுதி செய்திருக்கு. முப்பது வயசில பார்வை போய் பிரெயில் படிக்க வாற ஆளுக்கும் இந்தக் கொள்கை வேணும்தானே.

அப்ப வெறும் “பாதுகாப்பு”? கோணேசர் கோயிலுக்கு கோட்டை வாசலால ஆமிக்காரரைத் தாண்டிப் போற எங்கட காதுக்கு அந்தச் சொல் வேற மாதிரிக் கேக்கும். மட்டக்களப்பு அக்கா சொன்ன “அரண்” வடிவான சொல்தான், ஆனா அக்கா, காவலரண் எண்டா இஞ்ச மணல் மூட்டையும் துவக்கும்தான் ஞாபகம் வரும். “ஏமம்” (காவல் எண்டு அர்த்தம்) எண்டு ஒராள் சங்கத்தமிழ்ல இருந்து எடுத்துத் தந்தார், அதை நான் வீட்டில சொல்லிப் பாத்தன், “ஆரை ஏமாத்தப் போறியள்” எண்டு கேட்டாங்க. அதோட விட்டிட்டன்.

சொல்லுக்கு முதல்ல அது என்ன வேலை செய்யுது எண்டு பாக்கோணும். வெளில இருந்து வாற ஆபத்த விட, நாங்களே, எங்கட ஆசிரியரும் தொண்டரும் வேலைத்திட்டமும், ஒராளுக்கு தீங்கு செய்யாம இருக்கிறதுதான் இதிட மையம். பார்வை இல்லாத பிள்ளைக்கு வழிகாட்டேக்க நாங்க கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, பிள்ளைதான் எங்கட முழங்கைக்கு மேல பிடிக்கோணும், அப்ப விடுறதும் பிடிக்கிறதும் பிள்ளையிட கையில இருக்கு. பிரெயில் எழுத்தைக் காட்டுறதுக்கு விரலைத் தொடுறதெண்டாலும் கேட்டிட்டுத் தொடோணும். படம் எடுக்கிறதெண்டா வாயால சொல்லோணும், கமரா தூக்கினது பிள்ளைக்குத் தெரியாது.

இன்னொண்டு, இதுதான் எனக்கு நித்திரை வராமப் பண்ணினது. முறைப்பாட்டுப் பெட்டி எண்டு சுவரில ஒரு பெட்டி தொங்கும். பிள்ளை பிரெயில்ல எழுதிப் போட்டா, அதை வாசிக்கத் தெரிஞ்ச ஆள் பள்ளிக்கூடத்தில ஒரே ஒரு ஆசிரியர் எண்டு வையுங்க, முறைப்பாடே அவரைப் பற்றி எண்டா? வேற ஊரில பிரெயில் தெரிஞ்ச ஒராள், இல்லாட்டி தொலைபேசில குரல்பதிவு, இப்பிடி ஒரு வழி கொள்கையிலயே இருக்கோணும்.

“தீங்குத்தடுப்பு” எண்டு போடலாமோ எண்டும் யோசிச்சன், ஆனா “தடுப்பு” மட்டும் போதாது, கவனிக்கிற அர்த்தமும் வேணும். நான் போடுறது “பேண்காப்பு”. உண்கலம் மாதிரி வினைத்தொகை, பேணிக் காக்கிறது. பேணி எண்டா ரின்பால் பேணி (தகர டப்பா) ஞாபகம் வரும் எண்டு ஆரும் சிரிக்க முதல் நானே சிரிச்சிட்டன்.

பிரெயில் வாசிக்கிற என்ட கூட்டாளி ஒருத்தருக்கு ரெண்டு சொல்லையும் அடிச்சுக் குடுத்தன். கண்ணால பாக்கிற எங்களுக்கு மெய்யெழுத்திட புள்ளி எழுத்துக்கு மேல கிடக்கும், பிரெயில்ல அது எழுத்துக்கு முன்னால தனிக் கட்டமா (பிரெயில் செல்) வரும், உயிர்க்குறியும் தனிக் கட்டம். அப்பிடி எண்ணினா “தீங்குத்தடுப்பு” 15 கட்டம், “பேண்காப்பு” 10, “பாதுகாப்பு”வும் அதே 10. முதல் சொல்லில ஒருக்கா திரும்பிப் போய்த் தடவினவர், ரெண்டாவதை ஒரே ஓட்டத்தில வாசிச்சிட்டு, “இது சரி, ஆனா புதுச்சொல்தானே, முதல் பக்கத்தில ஒரு வரி விளக்கம் போடு” எண்டார். போடுறன்.

மிச்சம் இருக்கிறது இதுக்குப் பொறுப்பான ஆளை என்னெண்டு சொல்லுறது. “பேண்காப்பு அலுவலர்” எண்டா தமிழ்நாட்டு வாசம் அடிக்குது, “உத்தியோகத்தர்” எண்டா பிள்ளையள் கச்சேரி (அரசாங்க அலுவலகம்) எண்டு நினைச்சுப் பயப்படும். “பேண்காப்பாளர்” ஓகேயா? சனிக்கிழமை எம்போசர்ல (பிரெயில் அச்சடிக்கிற மெசின்) அடிக்கக் குடுக்கோணும், வெள்ளிக்கு முதல் சொல்லுங்கோ.